ஏஐ படத்தைத் திருத்தித் தரச் சொல்கிறார்கள், செய்யலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 26 வயது. சில வருஷங்களாகப் புத்தக அட்டைகளும் சிறுவர் கதைகளுக்கான படங்களும் டிஜிட்டலில் வரைந்து பிழைக்கிறேன். ஓர் அட்டைக்கு 4,000 ரூபாய் தந்துகொண்டிருந்த பதிப்பாளர் ஒருவர், போன மாதம் ஏஐயில் செய்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “படம் ரெடி தம்பி, லேசா சரி பண்ணித் தலைப்பு மட்டும் போட்டுக் கொடுங்க, 800 தர்றேன்” என்றார். பார்த்தால் வண்ணமும் கோடும் என்னுடையவை போலவே இருந்தன. கேட்டதற்கு, நான் வரைந்த பழைய அட்டைகள் இரண்டைக் கொடுத்து ‘இந்த மாதிரி’ என்று கேட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். மறுத்தால் வேலை போய்விடும், செய்தால் மனசு உறுத்துகிறது. நண்பர்களில் பாதிப் பேர் “ஏஐயைத் தொட்டாலே துரோகம்” என்கிறார்கள். மீதிப் பேர், “நீ மட்டும் அடுத்தவன் படத்தைப் பார்த்துக் கத்துக்கலையா? ஃபிளெக்ஸ் வந்தப்ப பேனர் ஓவியர்கள் காணாமப் போனாங்களே, அந்த மாதிரி ஆயிடுவ” என்கிறார்கள். இந்த வேலையைச் செய்யலாமா? ரெஃபரன்சுக்காவது ஏஐ பயன்படுத்தலாமா? இன்ஸ்டாவில் இருக்கும் படங்களை எடுத்துவிடட்டுமா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: தம்பி, முதலில் அந்த 800 ரூபாயைப் பேசிவிடுவோம். நியாய அநியாயம் அப்புறம்.

“லேசா சரி பண்ணி” என்று அவர் சொல்வது லேசான வேலை இல்லை. உங்களுக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் அனுப்பிய படம் அநேகமாக ஆயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு பிக்சல் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததால் இன்னும் நசுங்கியிருக்கும். டெம்மி அளவில் (ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்) முன்னட்டைக்கு மட்டும், 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சிட, 1650-க்கு 2550 பிக்சல் வேண்டும். வெட்டுக்கு விடும் ஓரம், முதுகு, பின்னட்டை எல்லாம் தனி. படத்தைப் பெரிதாக்கினால் முகங்கள் மொழுமொழுவென்று ஆகிவிடும், மேலே கையால் வரைந்துதான் சரிக்கட்ட வேண்டும். திரையில் பளீரென்று தெரிந்த நீலமும் பச்சையும் அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்றியதும் செத்துப்போகும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக வைக்கும் லேயரும் கிடையாது. “அந்தம்மா சேலையை மட்டும் அரக்குக் கலர்ல மாத்துங்க” என்று எழுத்தாளர் கேட்டால், உங்கள் கோப்பில் அது ஒரு நிமிஷ வேலை. இதில் சேலையைத் தனியாகப் பிரித்தெடுக்கவே அரைமணி நேரம் ஆகும்.

எனக்கும் இப்படி ஒரு படம் வந்தது. கரிசல் காட்டுக் கதைக்கு அட்டை. சிறிதாகப் பார்க்கையில் அசத்தலாகத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பனைமரத்தின் தண்டில் தென்னங்கீற்று முளைத்திருந்தது. இடுப்பில் குடம் வைத்திருந்த பெண்ணின் கை குடத்தின் கழுத்தைச் சுற்றி வளைய வேண்டும். இங்கே மணிக்கட்டுக்கு அப்புறம் கை எது, பித்தளை எது என்று தெரியவில்லை. முந்தானை வலது தோளில் கிடந்தது. பின்னால் இருந்த கோயிலுக்கு ஒடிசாப் பக்கத்துச் சிகரம். டீக்கடைப் பலகையில் தமிழ் மாதிரியே ஏதோ எழுதியிருந்தது, அதில் ஓர் எழுத்துகூட நம் 247-இல் சேராது. கதையில் வருவது வற்றிப்போன கம்மாய். படத்தில் தாமரை பூத்துக் கிடந்தது. இவற்றையெல்லாம் சரிசெய்து முடிக்கும்போது முழுப் படத்தையும் நானே வரைந்திருப்பேன், கூலி மட்டும் கால்வாசிதான் வந்திருக்கும். நேரத்தைக் கணக்குப் போட்டு, புதிதாக வரைவதைவிட இதற்குக் கூடுதலாக ஆகும் என்று எழுதி அனுப்பினேன். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

உங்கள் விஷயம் இதைவிட மோசம். உங்கள் அட்டைகளையே கொடுத்து, உங்களைப் போலவே ஒன்றைச் செய்து, அதை உங்களிடமே தந்து ஐந்தில் ஒரு பங்குக் கூலிக்குச் சரிசெய்யச் சொல்கிறார். இந்த ஒரு வேலையைச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். ஒருமுறை 800-க்குச் செய்துவிட்டால் அவரிடம் உங்கள் கூலி இனி 800தான். அது மட்டுமில்லாமல், புத்தகம் வந்ததும் எல்லாரும் அதை நீங்கள் வரைந்தது என்றே நினைப்பார்கள். மரத்தில் இருக்கும் தப்பு உங்கள் தப்பாகும்.

அதற்காக, ஏஐ படத்தைத் திருத்தும் வேலையையே தொடக்கூடாது என்று உங்களுக்கு விரதம் சொல்ல மாட்டேன். வீட்டு வாடகை எனக்கும் தெரியும். வேறு வழியில்லாத மாதத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசி எடுங்கள். நூல் விவரப் பக்கத்தில் ‘அட்டை ஓவியம்’ என்ற இடத்தில் உங்கள் பெயர் வேண்டாம், ‘அட்டை வடிவமைப்பு’ என்று போடச் சொல்லுங்கள். படம் ஏஐயில் செய்தது என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடச் சொல்லுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர், தன் அட்டையைத் தானே வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம்.

இனி உங்கள் நண்பர்களுக்கு வருவோம். “நீயும் பார்த்துத்தானே கற்றாய்” என்ற வாதத்தை நான் சின்னதாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அது உண்மை. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த கொண்டையராஜுவிடம் டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் என்று ஒரு வரிசையே தொழில் கற்றது. அந்தக் கையிலிருந்து வந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டராக நாடு முழுக்கப் போனார்கள். சீடர்களின் முகங்களில் குருவின் முகச்சாயல் இருக்கும். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்களும் உண்டு. பார்த்து வரைவது குற்றம் என்றால் அந்தப் பரம்பரையே குற்றவாளிதான். அதனால்தான் ‘ஸ்டைலுக்கும் உரிமை வேண்டும்’ என்று நம் ஆட்கள் சிலர் கேட்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. சட்டம் எங்குமே ஸ்டைலுக்குப் பதிப்புரிமை தருவதில்லை, தராமலே இருக்கட்டும். தந்தால் முதலில் வாங்கி வைத்துக்கொள்வது பெரிய கம்பெனிகள்தான், மாட்டிக்கொள்வது நாம்தான்.

ஆனால் அந்தச் சீடர் குருவோடு வருஷக்கணக்கில் இருந்தார், வண்ணம் குழைத்தார், வேலையைப் பங்குபோட்டார், கையெழுத்தும் போட்டார். ஒரு நாளைக்கு அவரால் எத்தனை படம் வரைய முடியும்? குருவின் பிழைப்பு ஒரே வாரத்தில் போய்விடாது. இன்னொருபுறம் லாயன் என்ற தொகுப்பை வைத்துப் பாருங்கள். 2022-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் அமைப்பு வெளியிட்டது. இணையத்தில் கிடந்த படங்களின் முகவரியும் அவற்றின் விவரக்குறிப்பும் சேர்ந்து 585 கோடி இணைகள். அதிலிருந்து பிரித்தெடுத்த படங்களைக் கொண்டு பயிற்றுவித்ததுதான் அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐ. வரைந்தவர்களில் யாரிடமும் யாரும் கேட்கவில்லை. பட்டியல் வெளிப்படையாக இருந்ததால்தான் இதுவாவது நமக்குத் தெரிந்தது. பிறகு வந்த பல கம்பெனிகள் எதை வைத்துப் பயிற்றுவித்தோம் என்றே சொல்வதில்லை.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் வந்த கொஞ்ச நாளிலேயே போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயர், ஏஐக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைகளான பிராம்ப்டுகளில் பிக்காசோவைவிட அதிகமாகப் புழங்க ஆரம்பித்தது. டிராகன்களும் போர்க்களங்களும் வரைபவர். தன் பெயரைத் தேடினால் தான் வரையாத படங்கள் வந்து நிற்கின்றன என்று அவர் புலம்பினார். அதே 2022 அக்டோபர் தொடக்கத்தில் கொரிய ஓவியர் கிம் ஜுங் கி திடீரென்று இறந்தார். சில நாட்களுக்குள் அவர் படங்களை ஊட்டி, அவர் கோடு போலவே வரையும் ஏஐ மாடல் ஒன்றை ஒருவர் இணையத்தில் போட்டார், அஞ்சலியாம்! ரெஃபரன்ஸ் ஏதும் இல்லாமல், பென்சில் கோடுகூட இழுக்காமல், நேராக மையில் சுவர் முழுக்க வரைந்த மனிதர் அவர். அவருக்கு அஞ்சலி செலுத்த ஒரு பொத்தான் போதுமென்று நினைத்ததைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

ஃபிளெக்ஸ் வாதமும் இங்கேதான் உடைகிறது. சென்னையிலும் மதுரையிலும் கட்டம் போட்டு இருபதடி முகம் வரைந்தவர்கள் ஃபிளெக்ஸ் வந்ததும் வேலை இழந்தார்கள். சிலர் சுவர் விளம்பரத்துக்குப் போனார்கள், சிலர் அதே ஃபிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். கொடுமைதான். ஆனால் ஃபிளெக்ஸ் இயந்திரத்தைச் செய்தவர் அவர்கள் வரைந்த பேனர்களைத் தூக்கிப்போய் அரைத்து அந்த இயந்திரத்தைச் செய்யவில்லை. வேலை போனது தொழில்நுட்பத்தால். இப்போது நமக்கு நடப்பது அதோடு இன்னொன்றும் சேர்ந்தது: நம் வேலையைப் பறிக்கிற கருவிக்கு மூலப்பொருளே நாம் வரைந்தவை, அதற்கு நம்மிடம் கேட்கவுமில்லை, காசும் தரவில்லை. என் கோபம் இந்த இரண்டாவதின் மேல்தான். இயந்திரம் படம் போடுவது எனக்குப் பிரச்சினையே இல்லை.

கேட்டுச் செய்வதற்கும் கேட்காமல் செய்வதற்கும் நம் சினிமாவிலேயே இரண்டு உதாரணங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் ஏஐயில் கொண்டுவந்தார். 2024 ஜனவரியில் சர்ச்சை கிளம்பியதும், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி உரிய தொகையும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அடுத்தது ‘அம்பிகாபதி’. 2025 ஆகஸ்டில் அதன் முடிவை ஏஐயால் மாற்றி, செத்த நாயகனை எழுப்பி, தமிழில் மறுவெளியீடு செய்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்ப்புத் தெரிவித்தும் அது ஓடியது. ரஹ்மான் செய்ததிலும் எனக்கு ஒரு சின்ன நெருடல் உண்டு, செத்தவரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாதல்லவா? ஆனாலும் அங்கே ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள், பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், காசு போயிருக்கிறது. எந்த வேலை வந்தாலும் நான் பார்ப்பது இந்த மூன்றைத்தான்.

‘தொட்டாலே துரோகம்’ என்கிற நண்பர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 2025 மார்ச்சில் ஊரே தன் கல்யாணப் போட்டோவை ஏஐயில் ஜிப்லி ஸ்டூடியோவின் கார்ட்டூன் போல மாற்றியபோது, அந்த ஸ்டூடியோவின் ஜப்பானிய இயக்குநர் மியாசாகி ஏஐயை ‘உயிருக்கே இழுக்கு’ என்று சொன்னதாக எல்லாரும் பகிர்ந்தார்கள். அவர் அதைச் சொன்னது 2016-இல், தரையில் நெளிந்து ஊரும் ஒரு கோர உருவத்தின் அசைவை அவரிடம் காட்டியபோது. படம் வரையும் ஏஐ அப்போது இந்த வடிவில் கிடையாது. நம் பக்கம் நியாயம் இருக்கும்போது பாதி உண்மையைத் தூக்கிப் பிடிப்பானேன்? அதேபோல, சொந்தக் காசில் 50 பிரதி போடும் ஒரு கவிஞர் ஏஐ அட்டை வைத்தால் அவரைப் பிடித்துத் திட்டாதீர்கள். அவர் எப்போதும் ஓவியருக்குக் காசு கொடுத்தவர் இல்லை, முன்பு கூகுளில் கிடைத்த சூரிய அஸ்தமனத்தைப் போட்டிருப்பார். வருஷத்துக்கு நூறு தலைப்பு போட்டு, தாளுக்கும் அச்சுக்கும் கடைக்கும் ஒழுங்காகக் காசு கொடுத்துவிட்டு, ஓவியரிடம் மட்டும் மிச்சம் பிடிக்கிறவரிடம் கோபப்படுங்கள்.

இந்த வேட்டையில் நிஜ ஓவியர்களும் அடிபடுகிறார்கள். 2022 கடைசியில் ரெடிட்டின் ஓவியப் பகுதியில் ஒருவர் கையால் வரைந்த படத்தை ஏஐ என்று சொல்லி அவரையே தடை செய்தார்கள். செயல்முறையைக் காட்டுகிறேன் என்று அவர் முன்வந்தும், நீங்களே வரைந்திருந்தாலும் ஏஐ மாதிரி இருக்கிறது, வேறு ஸ்டைலுக்குப் போங்கள் என்று பதில் வந்தது. நாளைக்கு உங்களையும் கேட்பார்கள். லேயர் பிரித்த கோப்பை அழிக்காதீர்கள். பென்சில் ஸ்கெட்சைப் போட்டோ எடுத்து வையுங்கள். புரோகிரியேட்டில் வரைந்தால் வரைவதைக் காட்டும் வீடியோ (டைம்லாப்ஸ்) தானாகவே பதிவாகும், அதை அணைக்காதீர்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் என்ற ஓவியர்கள் மூவரும் கலிஃபோர்னியாவில், படம் வரையும் ஏஐயைத் தரும் ஸ்டெபிலிட்டி ஏஐ (ஸ்டேபிள் டிஃப்யூஷன் இவர்களுடையது), மிட்ஜர்னி, டீவியன்ட்ஆர்ட் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார்கள். 2024 ஆகஸ்டில் நீதிபதி, பதிப்புரிமை மீறல் பற்றிய முக்கியக் குற்றச்சாட்டுகளை விசாரிக்கலாம் என்று அனுமதித்தார். லண்டனில் புகைப்பட நிறுவனமான கெட்டி இமேஜஸ் அதே ஸ்டெபிலிட்டி மேல் போட்ட வழக்கில் 2025 நவம்பரில் தீர்ப்பு பெரும்பாலும் கெட்டிக்கு எதிராகவே வந்தது, வாட்டர்மார்க் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வெற்றி. புத்தகங்கள் விஷயத்தில், காசு கொடுத்து வாங்கிய பிரதிகளைக் கொண்டு பயிற்றுவிப்பது நியாயமான பயன்பாடு, திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிச் சேர்த்து வைத்தது அப்படியல்ல என்று 2025 ஜூனில் ஓர் அமெரிக்க நீதிபதி சொன்னார். அந்த வழக்கில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ கம்பெனி 150 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது, ஒரு புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். எப்படிக் கிடைத்தது என்று கோர்ட் கேட்க ஆரம்பித்திருக்கிறது, அதுவரை சந்தோஷம்.

நம் நாட்டில், 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை ஒரு யோசனையை முன்வைத்தது: ஏஐ கம்பெனிகளுக்குக் கட்டாய உரிமம், பதிலுக்கு அவை படைப்பாளிகளுக்கு ராயல்டி தர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘என் படத்தைச் சேர்க்காதே’ என்று சொல்லும் உரிமை அதில் இல்லை. எனக்கு வரப்போகும் சில நூறு ரூபாயைவிட அந்த மறுக்கும் உரிமைதான் பெரிது. அப்புறம், அந்தப் பணத்தை வசூலித்துப் பங்குபோடும் சங்கத்தில் கோவில்பட்டியில் அட்டை வரைகிறவரின் பெயர் இருக்குமா என்ற கேள்வியும் இருக்கிறது.

உங்களுக்கு உடனே தேவையான சட்டம் இதெல்லாம் இல்லை, 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது அது. டிஜிட்டல் அட்டைப்படம் அந்த வகையில் சேருமா என்று கோர்ட்டில் வாதாடலாம், வாதாடுமளவுக்கு நம்மிடம் காசு கிடையாது. எழுதி வாங்காத உங்கள் பழைய அட்டைகள் மேல் பதிப்பாளர் உரிமை கொண்டாட இடமிருக்கிறது என்பதே நிலைமை. அப்போதும் 57-ஆம் பிரிவு கையில் இருக்கும். படத்தைப் படைத்தவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளவும், பெயரைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் உரிமை வரைந்தவரிடமே நிற்கிறது, விற்ற பிறகும். விஞ்ஞான் பவனிலிருந்து தன் சுவர்ச் சிற்பத்தைப் பிய்த்தெடுத்து வீணாக்கிய அரசின் மேல் சிற்பி அமர்நாத் சேகல் போட்ட வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2005-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

எனவே இனி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்க ஒப்பந்தம். வக்கீல் தமிழெல்லாம் வேண்டாம். படத்தின் பதிப்புரிமை வரைந்தவருடையது. இந்த நூலின் இந்தப் பதிப்பின் அட்டைக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும் பயன்படுத்தலாம். எந்த ஏஐ கருவியிலும் உள்ளீடாகவோ பயிற்சிக்கோ மாதிரியாகவோ கொடுக்கக் கூடாது. கடைசி வரியைப் பார்த்து ஒருவர் தயங்கினால் அவர் என்ன செய்வதாக இருந்தார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கையெழுத்து வாங்க முடியாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்பி ‘சம்மதம்’ என்று பதிலாவது வாங்குங்கள். முன்பே உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை வருஷத்துக்கு என்று பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது.

இன்ஸ்டாவிலிருந்து எடுப்பதா என்று கேட்டீர்கள். உங்கள் விஷயத்தில் கசிவு இன்ஸ்டா வழியாக நடக்கவில்லை. அவரிடம் கொடுத்த கோப்பிலிருந்தே எடுத்திருக்கிறார், இல்லாவிட்டாலும் அந்த அட்டை எல்லாப் புத்தகக் கடைத் தளங்களிலும் கிடக்கிறது. நீங்கள் இன்ஸ்டாவை மூடினால் வேலை தேடி வருகிறவருக்கு மட்டும்தான் வழி அடைபடும். சின்ன அளவில் போடுங்கள், மூலக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பென் ஜாவோவின் குழு செய்த கிளேஸ், நைட்ஷேட் என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மனிதக் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத மாற்றத்தைப் படத்தில் பூசி, மாடலைக் குழப்பும். பூசினால் பூசுங்கள், ஆனால் நம்பி உட்காராதீர்கள். அந்தப் பூச்சைக் கண்டுபிடித்து நீக்கும் லைட்ஷெட் என்ற முறையை 2025-இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். தட்டையான வண்ணம் வைக்கும் படங்களில் பூச்சு கண்ணுக்கே திட்டுத்திட்டாகத் தெரியும் என்பது என் அனுபவம்.

ரெஃபரன்சுக்கு நான் ஏஐ பயன்படுத்துவதில்லை. இதில் கொள்கை கொஞ்சம்தான், தொழில் காரணம்தான் அதிகம். எனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தானே ரெஃபரன்ஸ் பார்க்கிறேன்? தெரியாத விஷயத்தில் அது தப்பாகக் காட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? பாண்டியர் காலத்தில் பாறையை வெட்டிச் செய்த கோயில் கேட்டால் ஏதோ ஒரு பழைய கோயில் வரும். உங்களுக்குக் கழுகுமலை வெட்டுவான் கோயில் பஸ்ஸில் போய்வரும் தூரம். ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு வந்து பாதியில் நிறுத்திய இடத்தில் உளி எப்படிப் பட்டிருக்கிறது, சாயங்கால வெயிலில் அந்தக் கல் என்ன நிறத்துக்குப் போகிறது என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. ஒரு நாள் போய் நூறு போட்டோ எடுத்து வையுங்கள், பத்து அட்டைக்கு ஆகும். அதைத்தான் உங்களிடம் காசு கொடுத்து வாங்க முடியும், எனக்குக்கூட அது கிடையாது.

ஃபோட்டோஷாப்பில் பின்னணியைத் தானாகப் பிரிக்கும் கருவி, இரைச்சலைக் குறைக்கும் கருவி, இவற்றை நான் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறேன். அவை படத்தை எனக்காக முடிவு செய்வதில்லை. அடோபியின் படம் வரையும் ஏஐயான ஃபயர்ஃபிளை, அந்தக் கம்பெனி விற்பனைக்கு வைத்திருக்கும் ஸ்டாக் படங்களையும் உரிமம் உள்ளவற்றையும் கொண்டு பயிற்றுவித்தது என்பார்கள். மற்றவற்றைவிடப் பரவாயில்லை. ஆனால் அந்த ஸ்டாக்கிலேயே வேறு ஏஐயில் செய்த படங்களும் இருந்தன, பயிற்சியில் சுமார் 5 சதவீதம் என்று 2024-இல் வெளிவந்தது. நான் அதையும் அட்டைக்குப் பயன்படுத்துவதில்லை. நாம் கத்துவதால் ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட் என்ற வரைகலை மென்பொருள் 2022-இல் ஏஐ வசதியைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது. வாங்கி வரைகிறவர்கள் சண்டை போட்டதும் சில நாட்களிலேயே கைவிட்டது. புரோகிரியேட் 2024-இல், இதைச் சேர்க்கவே மாட்டோம் என்று சொல்லிவிட்டது.

இனி பதிப்பாளருக்கு என்ன எழுதுவது? கோபமாக எழுதாதீர்கள். முக்கால்வாசிப் பேர் தெரியாமல்தான் செய்கிறார்கள், சிரித்துக்கொண்டே சொன்னார் என்றீர்களே, மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இப்படி அனுப்பலாம்:

“ஐயா, வணக்கம். நீங்கள் அனுப்பிய படம் என் அட்டைகளை வைத்துச் செய்தது என்பதால் அதைத் திருத்தித் தர எனக்கு மனம் ஒப்பவில்லை. அச்சுக்கு அதன் அளவும் போதாது. மேலும் ஏஐ படத்துக்குப் பதிப்புரிமை நிற்குமா என்பது இன்னும் தெளிவாகவில்லை, நாளை இன்னொருவர் அதே படத்தை எடுத்துப் போட்டால் தடுப்பது கஷ்டம். இந்த நூலுக்குப் புதிதாகவே வரைந்து தருகிறேன். 4,000 ரூபாய், பத்து நாள், இரண்டு முறை திருத்தம். பட்ஜெட் குறைவு என்றால் ஒற்றை வண்ணக் கோட்டோவியமும் எழுத்தும் வைத்து 2,000-க்குச் செய்து தருகிறேன். என் பழைய அட்டைகளை ஏஐயில் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

பதிப்புரிமை பற்றி அதில் இருப்பது மிரட்டல் இல்லை. 2023-இல் அமெரிக்காவில் மிட்ஜர்னி படங்களைக் கொண்ட ஒரு காமிக்ஸுக்கு, எழுத்துக்கும் கோர்ப்புக்கும் மட்டும் பதிப்புரிமை, படங்களுக்குக் கிடையாது என்று அந்த நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் சொல்லிவிட்டது. நம் சட்டத்தில் கணினி உருவாக்கும் படைப்புக்கு, அதை உருவாக்கக் காரணமானவரே ஆசிரியர் என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் அது இந்த ஏஐ வருவதற்கு வெகுகாலம் முன்பு எழுதியது.

அந்த 2,000 ரூபாய் யோசனையை விட்டுவிடாதீர்கள். தமிழில் எழுத்தை மட்டுமே வைத்து நல்ல அட்டை செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, ஏஐயும் நம் எழுத்தில் இன்னும் தடுமாறுகிறது. கையால் எழுதிய தலைப்புகள் நாலைந்து செய்து போர்ட்ஃபோலியோவில் சேருங்கள். அவர் சரி என்றால் பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். பதிலே வராவிட்டால் வேறு ஐந்தாறு பதிப்பாளர்களுக்குச் செப்டம்பருக்குள் எழுதிவிடுங்கள். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கான அட்டைகளை அதற்கப்புறம்தான் கொடுக்க ஆரம்பிப்பார்கள்.